நெஞ்சுக்கூட்டு ஜோசியம்: ஓர் எதிர்வினை

தருமபுரி மாவட்டத்துக் காய்ச்சல்கள் அனைத்துக்கும் ஒரே வீச்சில் விடை கண்டுவிட்டதாக மருத்துவர் ஒருவர் எழுதிய நீண்ட கட்டுரை கொஞ்ச காலமாகக் கைமாறிக்கொண்டிருக்கிறது. பெயரைச் சொல்லி அவருக்கு விளம்பரம் தேடித் தர விருப்பமில்லை; வாதத்தைச் சொன்னால் போதும். மூக்கில் குச்சி விட்டு எடுக்கும் ஆர்டி-பிசிஆர் நம்பத்தகாதது. நெஞ்சுக்கு ஒரு சிடி ஸ்கேன் எடுத்து, இரத்தத்தில் சிஆர்பி, டி-டைமர், ஃபெரிட்டின், எல்டிஹெச் என்று நான்கு எண்களைப் பார்த்துவிட்டால் வந்திருப்பது வைரஸ்தான் என்பதை, ஏன், எந்த வைரஸ் என்பதையே மாலைக்குள் சொல்லிவிடலாம். கொரோனா காலம் இதை நிரூபித்துவிட்டது. இனி வரும் பருவக் காய்ச்சல்களுக்கும் இதுவே ராஜபாட்டை. இவ்வளவுதான் அவருடைய சித்தாந்தம். சித்தேரி, வத்தல்மலை மலைக்கிராமங்களில் வாழும் ஏழைகள்மீது கொண்ட கருணையே தன்னை எழுத வைத்தது என்று நடுவில் ஒரு பத்தியில் கண்கலங்கவும் செய்கிறார். கருணைக்குக் கடைசியில் வருவோம். முதலில் தர்க்கத்தைக் கவனிப்போம், அங்கேதான் அவருக்கு உடனடிச் சிகிச்சை தேவைப்படுகிறது.

அவர் கோட்டையின் அடித்தளம் 97 என்ற எண். வூஹானின் டோங்ஜி மருத்துவமனையில் 2020 ஜனவரி 6 முதல் பிப்ரவரி 6 வரை பரிசோதிக்கப்பட்ட 1,014 பேரைப் பற்றி 'ரேடியாலஜி' இதழில் வந்த ஆய்விலிருந்து அதை எடுத்திருக்கிறார். அந்த 1,014 பேரில் 601 பேருக்கு ஆர்டி-பிசிஆர் பாசிட்டிவ். அந்த 601 பேரில் 580 பேரின் சிடி படத்திலும் நோய்க்குறி தெரிந்தது. ஆக 97 விழுக்காடு. நல்லது. ஆனால் அந்த 97-ஐ அளந்த அளவுகோல் எது என்று கட்டுரையாளர் தன்னையே ஒருமுறை கேட்டுப் பார்த்தாரா? முதல் பக்கத்தில் பொய்யன் என்று முத்திரை குத்தி அவர் விரட்டியடித்த அதே ஆர்டி-பிசிஆர்தான்! சாட்சி பொய்யன் என்றால் அவன் சிடிக்குக் கொடுத்த நற்சான்று மட்டும் எப்படி மெய்யாகும்? சாட்சி மெய்யன் என்றால் அவனை விரட்டியது எதற்கு? இரண்டில் ஒன்றைத்தான் ஒரு மனிதர் சொல்ல முடியும்; இரண்டையும் ஒரே கட்டுரையில் சொல்ல வாசகரின் மறதிமேல் அபார நம்பிக்கை வேண்டும்.

அதே ஆய்வில் 97-க்குப் பக்கத்திலேயே இன்னோர் எண் உட்கார்ந்திருக்கிறது, அது 25. பிசிஆர் நெகட்டிவ் என்று வந்த 413 பேரில் 308 பேரையும் சிடி நோயாளி என்றே சொன்னது. விடுவித்தது 105 பேரை மட்டும். அதாவது நோயில்லாதவரை நோயில்லாதவர் என்று சொல்லும் திறன் நான்கில் ஒரு பங்கு. நாணயத்தைச் சுண்டிப் போட்டிருந்தால்கூடப் பாதிப் பேர் தப்பித்திருப்பார்களே! 97-ஐக் கண்ட கண்ணுக்கு 25 தெரியாமல் போனது தற்செயலா? பிசிஆர் தவறவிட்டவர்களைத்தான் சிடி பிடித்தது என்பார். அந்த ஆய்வாளர்களும் அவர்களில் பலரைத் தொற்றாளர்களாகவே கருதினார்கள் என்பதும் உண்மை. அப்படிக் கருத அவர்களுக்கு உரிமை இருந்தது. அந்த ஜனவரியில் வூஹானில் காய்ச்சலோடு மருத்துவமனைக்குள் நுழைந்தவரில் பெரும்பகுதியினருக்கு ஒரே நோய்தான் இருந்தது. அந்த உரிமை தருமபுரி மாவட்டத்து அரூருக்குப் பார்சலில் வந்து சேராது.

ஏன் சேராது என்பதைப் பள்ளிக்கூடக் கணக்காகவே போட்டுப் பார்ப்போம்; கட்டுரையாளர் கணக்கைத் தவிர்த்திருப்பதால் அந்தச் சுமை நம் தலையில் விழுகிறது. ஒரு மழைக்காலத்தில் அரூர் வட்டாரத்தில் 1,000 பேருக்குக் காய்ச்சலும் இருமலும் என்று வைத்துக்கொள்வோம். அவர்களில் 100 பேருக்கு மட்டுமே கொரோனா. அவர் கொண்டாடும் ஆய்வின் எண்களையே போட்டால், அந்த 100 பேரில் 97 பேரைச் சிடி சரியாகப் பிடிக்கும். மீதி 900 பேரில் 675 பேரையும் சேர்த்தே பிடிக்கும். மொத்தம் 772 பேர் கையில் ஃபிலிமோடு நிற்பார்கள். உண்மையான நோயாளி எட்டுப் பேருக்கு ஒருவர். பழைய ஆய்வு வேண்டாம், புதியதை எடுங்கள் என்று அவர் கோபப்படலாம். எடுப்போம். 2021 மார்ச்சில் வந்த காக்ரேன் தொகுப்பாய்வு சிடிக்கு நோயாளியைப் பிடிப்பதில் ஏறத்தாழ 88, நோயில்லாதவரை விடுவிப்பதில் 80 என்று கௌரவமான மதிப்பெண்களே கொடுத்தது. அப்போதும் 88 பேருடன் 180 பேர் வீணாக மாட்டுவார்கள். மூன்றில் ஒருவருக்குத்தான் நோய். மூன்றில் இரண்டு முறை தவறும் ஒன்றை நிச்சயம் என்று விற்பதற்கு ரேடியாலஜி படிக்க வேண்டுமா?

பிசிஆர் தவறும் என்பது உண்மை, அதை யாரும் மறைக்கவில்லை. தொற்று உடலுக்குள் நுழைந்த நாளிலிருந்து எண்ணினால், அறிகுறி தோன்றும் ஐந்தாம் நாள் வாக்கில் பத்தில் நான்கு பேரைப் போல் அது தவறவிடும் என்றும், எட்டாம் நாள் ஐந்தில் ஒருவரைத் தவறவிடும் என்றும் 2020-லேயே கணக்கிட்டார்கள். அதிலிருந்து கற்க வேண்டிய பாடம், சந்தேகம் தீராவிட்டால் இரண்டொரு நாள் கழித்து இன்னொரு முறை மாதிரி எடு என்பதுதான். நம் கட்டுரையாளரோ தராசு முன்பின் ஆகிறது என்று கண்டதும் தராசைத் தூக்கியெறிந்துவிட்டுக் கையால் எடை பார்க்கச் சொல்கிறார்.

அடுத்து அவர் அழைக்கும் சாட்சிகள் இரண்டு, ஹூபெய் மாகாண அரசும் டச்சுக்காரர்களும். 2020 பிப்ரவரி 13 அன்று ஹூபெய் ஒரே நாளில் 14,840 புதிய தொற்றாளர்களை அறிவித்தது. அவர்களில் 13,332 பேர் பரிசோதனை இல்லாமல், சிடி படத்தையும் அறிகுறிகளையும் கொண்டு கணக்கில் சேர்க்கப்பட்டவர்கள். இதை வெற்றிக்கொடியாக நாட்டுகிறார். கிட் பற்றாக்குறையில் படுக்கைக்காகக் காத்துக் கிடந்தவர்களை உள்ளே எடுக்கச் செய்த அவசர ஏற்பாடு அது என்பதையும், ஏறக்குறைய ஒரு வாரத்துக்குள் சீனாவே அந்த வரையறையைக் கைவிட்டது என்பதையும் எழுத இடமில்லாமல் போய்விட்டது போலும். டச்சு ரேடியாலஜி சங்கம் வகுத்த கோராட்ஸ் அளவுகோலோ இன்னும் சுவையானது. ஒன்றிலிருந்து ஐந்து வரை சந்தேகம் படிப்படியாக ஏறும். அதற்குமேல் ஆறாம் படியும் உண்டு. அந்த ஆறாம் படி யாருக்கு? பிசிஆர் பாசிட்டிவ் என்று ஏற்கெனவே உறுதியானவருக்கு. படத்தை மட்டும் பார்த்து எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் ஐந்தோடு நின்றுவிட வேண்டும் என்பதை அந்த அளவுகோலைச் செய்தவர்களே அதற்குள் எழுதி வைத்திருக்கிறார்கள். தன் சாட்சியின் வாக்குமூலத்தைக் கடைசி வரி வரை படிக்காத வக்கீலை என்னவென்று சொல்வது?

இனி இரத்தம். சிஆர்பி ஏறியிருக்கிறது, ஃபெரிட்டின் ஏறியிருக்கிறது, டி-டைமர் ஏறியிருக்கிறது, லிம்போசைட் இறங்கியிருக்கிறது, ஆகவே வைரஸ் என்கிறார். சிஆர்பி எங்கே எப்படிக் கண்டுபிடிக்கப்பட்டது என்பதை அவர் மறந்திருந்தால் நினைவூட்டலாம். 1930-இல் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் டில்லெட்டும் ஃபிரான்சிஸும் அதைக் கண்டது நியூமோகாக்கஸ் நிமோனியா வந்தவர்களின் இரத்தத்தில். அதாவது பாக்டீரியாவால் வந்த நோயில்! உடலில் எங்கே அழற்சி மூண்டாலும் கல்லீரல் சுரக்கும் புரதம் அது. மூட்டியவர் யாரென்று அதற்குத் தெரியாது. டி-டைமர் என்பது உறைந்த இரத்தம் கரையும்போது மிஞ்சும் துணுக்கு. கர்ப்பத்தில் ஏறும், அறுவை சிகிச்சைக்குப் பின் ஏறும், பாம்புக்கடியில் ஏறும், வயதானாலே ஏறும். ஃபெரிட்டினை ஏற்றக் கல்லீரல் கெட்டால் போதும். டாஸ்மாக் இருக்கும் ஊரில் அதற்கு வைரஸ் எதற்கு?

கட்டுரையாளர் சமஸ்கிருதத் தர்க்க நூல்களைத் தேடிப் போக வேண்டாம். மணிமேகலையின் 29-ஆம் காதையைப் புரட்டினால் போதும். காஞ்சியில் அறவண அடிகள் போலி நியாயங்களை வகைப்படுத்திச் சொல்லுமிடத்தில் அநைகாந்திகம் என்ற ஏதுப்போலி வருகிறது; அதன் முதல் வகைக்குச் சாதாரணம் என்று பெயர். நிறுவ வேண்டிய பொருளிலும் அதற்கு மாறான பொருளிலும் ஒருசேரக் காணப்படும் காரணம், எதையும் நிறுவாத காரணம். சிஆர்பி வைரஸிலும் ஏறும், பாக்டீரியாவிலும் ஏறும்; ஆகவே அது ஏறியிருப்பது இரண்டில் எதையும் நிறுவாது. மணிமேகலை பாடிய சாத்தனார் காலத்திலேயே தள்ளுபடியான வாதத்தை லேப் ரிப்போர்ட்டில் அச்சடித்துக் கொடுத்துவிட்டால் விஞ்ஞானம் ஆகிவிடுமா? தர்க்கம் வேண்டாம், புள்ளிவிவரம்தான் வேண்டும் என்றால் அதுவும் இருக்கிறது. வழக்கமான 67 இரத்தப் பரிசோதனைகளை 21 ஆய்வுகளிலிருந்து திரட்டி 2020 நவம்பரில் காக்ரேன் குழு அலசியது. கொரோனா இருக்கிறதா இல்லையா என்று தனித்து நின்று தீர்ப்புச் சொல்ல அவற்றில் ஒன்றுக்கும் தகுதியில்லை என்பதே அதன் முடிவு.

இதெல்லாம் ஏட்டுச் சண்டையாக முடிந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். தருமபுரியில் இதற்கு விலை உண்டு. உண்ணிக் காய்ச்சல் என்று நம் பத்திரிகைகள் எழுதும் ஸ்க்ரப் டைஃபஸை எடுத்துக்கொள்ளுங்கள். புதர்க்காடுகளில் வாழும் நுண்ணிய சிற்றுண்ணியின் இளம்புழு கடித்து வருவது. காரணம் ஓரியன்ஷியா என்ற பாக்டீரியா. தீவிரமானால் இரண்டு நுரையீரலும் பாதிக்கப்படும், சிடியில் மங்கலான வெண்படலம் விழும், சிஆர்பி எகிறும். கட்டுரையாளரின் சூத்திரத்தை எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றும். ஆனால் வைரஸ் அல்ல. அதற்கு மருந்து டாக்ஸிசைக்ளின், மாத்திரை சில ரூபாய்தான். 2025 தொடக்கத்தில் தமிழ்நாட்டுப் பொதுச் சுகாதாரத் துறையே இந்த நோயைப் பற்றி எச்சரித்தது. தீவிர நோயாளிகளுக்கு டாக்ஸிசைக்ளினோடு அஸித்ரோமைசினையும் சேர்த்து ஊசிவழி கொடுப்பது மேலானது என்று வேலூர் சிஎம்சி மருத்துவர்கள் முன்னின்று நடத்திய ஆய்வு 2023-இல் உலகுக்கே சொன்னது. நோயாளியின் அக்குளையும் தொடையிடுக்கையும் விளக்கு பிடித்துப் பார்த்தால் கருத்துப் பொருக்குத் தட்டிய சின்னப் புண் பலருக்கு அகப்படும். சட்டையைக் கழற்றிப் பார்க்கச் சோம்பி, நெஞ்சுக்கூட்டின் உட்புறத்தைப் படமெடுத்து, இது வைரஸ், ஆன்டிபயாட்டிக் வேண்டாம் என்று ஒரு மலைக்கிராமத்துப் பெண்ணைத் திருப்பியனுப்பினால் அந்தச் சாவு யார் கணக்கில் எழுதப்படும்? காசநோயைப் பற்றிக் கட்டுரை முழுக்க ஒரு சொல்கூட இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் நுரையீரலைப் பற்றி எழுதிக் காசநோயை மறக்க முடிந்தவர் அசாதாரணமானவர்தான்.

ஸ்கேனும் இந்த எண்களும் சிகிச்சையைத் தீர்மானிக்கவாவது உதவவில்லையா என்று கடைசிப் பிடியாகக் கேட்கிறார். 2021-இன் இரண்டாம் அலையில் எப்படி உதவின என்று பார்த்தோமே! நுரையீரலின் ஐந்து மடல்களுக்கும் தலா ஐந்து வீதம் 25-க்கு எத்தனை என்று தேர்வு முடிவு கேட்பதுபோல் ஊரெல்லாம் விசாரித்துக்கொண்டார்கள். நடமாடிக்கொண்டிருந்தவர் கையில் எட்டு மார்க் வந்ததும் ஸ்டீராய்டு விழுங்கினார். பிரிட்டனின் ரெக்கவரி ஆய்வு 2020-லேயே தெளிவாகச் சொல்லியிருந்தது: டெக்ஸாமெதசோன் வென்டிலேட்டரில் இருப்போரின் சாவை மூன்றில் ஒரு பங்கும், ஆக்சிஜன் வைத்திருப்போரின் சாவை ஐந்தில் ஒரு பங்கும் குறைக்கும், ஆக்சிஜனே தேவைப்படாதவருக்குப் பயன் ஒன்றும் தெரியவில்லை. மருந்தின் வாசலில் காவல் நின்றது ஆக்சிஜன் அளவு. அதைக் காட்ட விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் போதும். கட்டுப்பாடில்லாத சர்க்கரையும் கண்மூடித்தனமான ஸ்டீராய்டும் கைகோத்ததில் கருப்புப் பூஞ்சை பரவி, 2021 மே மாதம் தமிழ்நாடு அதைக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாக்கியது. இந்த அத்தியாயத்தைத்தான் கட்டுரையாளர் நிரூபணம் என்கிறார்.

கதிர்வீச்சுப் பற்றி அவர் எழுதியிருப்பது ஏளனம் மட்டுமே. 2021 மே 3 அன்று அன்றைய எய்ம்ஸ் இயக்குநர் ரன்தீப் குலேரியா ஒரு சிடி 300, 400 நெஞ்சு எக்ஸ்ரேக்களுக்குச் சமம் என்றார். இந்திய ரேடியாலஜி சங்கம் அது காலாவதியான கணக்கு, நவீன எந்திரத்தில் ஐந்து முதல் பத்துதான் என்று மறுத்தது. பத்து என்பதைப் பிடித்துக்கொண்டு நம்மவர் எய்ம்ஸ் இயக்குநருக்கே பாடம் எடுக்கிறார். வழக்கமான அளவில் எடுக்கும் நெஞ்சு சிடி சுமார் 6, 7 மில்லிசீவர்ட். ஒற்றை எக்ஸ்ரே சுமார் 0.02. வகுத்தால் 300-ஐத் தாண்டும். மிகக் குறைந்த அளவில் எடுத்த சிடியை இரு கோண எக்ஸ்ரேயோடு ஒப்பிட்டால் பத்துக்கு அருகே வரும். இரண்டு கணக்கும் சரி. எந்தக் கணக்கு பொருந்தும் என்பது நம் ஊர் சென்டரில் இருக்கும் எந்திரத்தையும் அதை இயக்குபவரின் அக்கறையையும் பொறுத்தது. மேலும், குலேரியா அன்று சொன்னதன் சாரமே வேறு. லேசான நோய்க்கு ஸ்கேனும் வேண்டாம், இந்த இரத்த எண்களும் வேண்டாம், வீண் பீதிதான் மிஞ்சும் என்றார். அந்தப் பகுதி மட்டும் கட்டுரையாளருக்குக் காதில் விழவில்லை.

எதிர்காலத்தையும் விட்டுவைக்கவில்லை, படத்தைக் கம்ப்யூட்டரே படித்துச் சொல்லிவிடும், செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது என்கிறார். வந்தது உண்மை. கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2,212 ஆய்வுகளைத் திரட்டி, தேறிய 62-ஐ நுணுகிப் பார்த்து, மருத்துவமனையில் பயன்படுத்தத் தக்கது ஒன்றுகூட இல்லை என்று 2021-இல் எழுதினார்கள். சிலர் கொரோனா இல்லாத நிமோனியாவுக்கு எடுத்துக்காட்டாக ஒன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகளின் எக்ஸ்ரேக்களை ஊட்டியிருந்தார்கள். எந்திரமும் மிகத் திறமையாகக் கற்றுக்கொண்டது, குழந்தை எது பெரியவர் எது என்று பிரித்துச் சொல்ல! காசநோய்க்கு எக்ஸ்ரே படிக்கும் மென்பொருளை உலக சுகாதார நிறுவனம் 2021-இல் பரிந்துரைத்ததே என்பார். பரிந்துரைத்தது, சல்லடையாக, சந்தேகத்துக்குரியவரைப் பிரித்தெடுத்துச் சளிப் பரிசோதனைக்கு அனுப்ப. கிருமியின் பெயரைச் சொல்லும் வேலை அங்கும் மாதிரிப் பரிசோதனைக்கே.

இப்போது கருணை. சித்தேரி ஏழைக்காகக் கண்ணீர் விடுபவர் அந்த ஏழையை மலையிறக்கி, ஒரு நாள் கூலியை இழக்க வைத்து, நகரத்து ஸ்கேன் சென்டரில் வரிசையில் நிறுத்தச் சொல்கிறார். கொரோனா காலத்தில் மற்ற மாநிலங்கள் துரித ஆன்டிஜென் பரிசோதனைக்குத் தாவியபோது தமிழ்நாடு பிடிவாதமாக ஆர்டி-பிசிஆரையே நம்பியது. அரசு மருத்துவக் கல்லூரிகளில் ஆய்வகங்கள் எழுந்தன. குச்சியும் குப்பியும் ஆரம்ப சுகாதார நிலையம் வரை போகும். பல டன் எடையுள்ள எந்திரம் போகுமா? ஏழையின் நோய்த் தீவிரத்தை மலிவாக அறிய வழியே இல்லையா என்றால், அந்த வழியும் தமிழ்நாட்டிலேயே பிறந்திருக்கிறது. 2022-இல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டம் ஸ்கேன் கேட்கவில்லை, ஃபெரிட்டின் கேட்கவில்லை. உயரத்துக்கேற்ற எடை, கால்வீக்கம், மூச்சு எண்ணிக்கை, ஆக்சிஜன் அளவு, துணையில்லாமல் நிற்க முடிகிறதா என்ற கேள்வி: இவ்வளவையும் கொண்டு உடனே சேர்க்க வேண்டிய நோயாளியைப் பிரிக்கிறார்கள். இதில் ஒரே குறை, யாருக்கும் கமிஷன் கிடைக்காது.

கமிஷன் என்றதும் கோபம் வரலாம். ஆனால் 2020 செப்டம்பரில் மகாராஷ்டிரம் சிடிக்கு 2,000 முதல் 3,000 ரூபாய் வரை என்று உச்சவரம்பு கட்டியதும், 2021-இல் அண்டை மாநிலமான கர்நாடகம் அதைப் பின்பற்றியதும் கருணை பொங்கி வழிந்த காரணத்தாலா? அனுப்பும் கைக்கும் படமெடுக்கும் கைக்கும் நடுவே என்ன நடக்கிறது என்பது மருத்துவ உலகில் ரகசியமே அல்ல. அதிலும் தருமபுரியில் ஸ்கேனுக்கு ஒரு வரலாறு உண்டு. கருவின் பாலினத்தைச் சொல்லக்கூடாது என்று 1994-லேயே சட்டம் வந்த பின்னும், கையடக்க ஸ்கேன் கருவியோடு ஊர் ஊராகப் போன கும்பல்கள் இந்த மாவட்டத்தில் பிடிபட்டிருக்கின்றன. அந்தப் படங்கள் பொய் சொல்லவில்லை. படம் மெய்யாக இருப்பதாலேயே எடுத்தவரின் நோக்கமும் மெய்யாகிவிடாது என்பதைத் தருமபுரிக்காரர்களுக்கு யாரும் பாடம் நடத்தத் தேவையில்லை.

சிடியைக் குப்பையில் போடு என்று நான் சொல்வதாகத் திரிக்க அவர் முயல்வார். அந்தச் சௌகரியத்தையும் தர முடியாது. நோய் உறுதியானவருக்கு மூச்சுத்திணறல் திடீரென்று கூடினால் நுரையீரல் நாளத்தில் இரத்தக்கட்டியா என்று பார்க்கச் சிடி வேண்டும். ஆக்சிஜன் 92-க்குக் கீழ் இறங்கி, சிஆர்பி 75-ஐத் தொட்டவருக்கு டோசிலிஸுமாப் பயன்படும் என்று காட்டியதும் அதே ரெக்கவரி ஆய்வுதான். வைரஸுக்கெதிராக இன்டர்ஃபெரான் எழுப்பும் எம்எக்ஸ்ஏ புரதத்தையும் சிஆர்பியையும் விரல்நுனி இரத்தத்தில் சேர்த்துப் பார்க்கும் பரிசோதனையை அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2023-இல் அனுமதித்திருக்கிறது; அந்த அருமையான கருவியும் வைரஸா பாக்டீரியாவா என்பதோடு நிறுத்திக்கொள்கிறது, எந்த வைரஸ் என்று வாய் திறப்பதில்லை. உடல் எவ்வளவு அடிபட்டிருக்கிறது என்று இவையெல்லாம் சொல்லும். அடித்தவன் பெயரைச் சொல்லக் கிருமியையோ அதன் தடயத்தையோதான் தேட வேண்டும். கருவிகளுக்கே தெரிந்திருக்கும் இந்த எல்லை கட்டுரையாளருக்குத் தெரியவில்லை.

மறுப்பு எழுதுவதாக அவர் சொல்லிவருகிறாராம். எழுதட்டும். மூன்று கேள்விகளுக்கு மட்டும் பதில் வரட்டும். 97-ஐ எந்த அளவுகோலால் அளந்தீர்கள்? பக்கத்திலிருந்த 25-ஐ எங்கே ஒளித்தீர்கள்? உங்கள் பரிந்துரைச் சீட்டோடு ஸ்கேன் சென்டருக்குப் போகும் ஒவ்வொரு காய்ச்சல்காரருக்கும் அங்கிருந்து உங்களுக்கு வந்து சேர்வது என்ன? முதல் இரண்டுக்கும் விடை நூலகத்தில் இருக்கிறது. மூன்றாவதற்கு உங்கள் கணக்குப் புத்தகத்தைத் திறந்தால் போதும்.